புது பேட்டரியும் செத்தது

சாவியைத் திருப்பினேன். டிக் டிக் என்று இரண்டு சத்தம் வந்தது, அவ்வளவுதான். அந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்து விட்டேன். வலித்தது கைக்குத்தான்.

என் கோபம் பேட்டரி மேல் மட்டும் இல்லை. எனக்கு எழுபத்தொன்று முடிந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு என் வண்டிமேலேயே கண். ஊரப்பாக்கத்தில் இருக்கும் மகள் வாயைத் திறந்தால், “ஆட்டோல வாங்கப்பா” என்பாள். பெங்களூரில் இருக்கும் மகன், இன்னும் ஒரு தடவை வண்டி மக்கர் பண்ணினால் விற்றுவிடலாம் என்று போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டான். யார் வண்டியை யார் விற்பது? செம்பாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடந்துபோய், அங்கே ஒரு ஆட்டோவை மறித்து, ஆட்டோக்காரர் முகத்தைப் பார்த்து வழிந்துகொண்டு நிற்க என்னால் ஆகாது. வண்டி ஓடும் வரைக்கும்தான் நான் என் இஷ்டத்துக்குப் போய்வர முடியும். அது நின்றால் என்னையும் நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள்.

என் மனைவி மட்டும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளாவது என் கட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டுக்காரர் தன் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு என் வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் போகும்போது, “மெக்கானிக்க வரச் சொல்லிடுங்க சார், நீங்க எதுக்கு இதெல்லாம்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரயில்வேயில் நான் பார்த்த வேலையே பேட்டரி வேலைதான். நின்றுகொண்டிருக்கும் ரயில் பெட்டிக்கு அடியில் குனிந்து முப்பது வருஷத்துக்கு மேல் அதைத்தான் செய்தேன். ஆசிட் பட்டுப் பொத்தலாகாத சட்டை ஒன்றுகூட என்னிடம் இருந்ததில்லை. எனக்கு மெக்கானிக்காம்.

கேம்ப் ரோடு பக்கம் ஒரு கடையில் புது பேட்டரி வாங்கினேன். வீட்டுக்கே வந்து மாட்டித் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னதை அவர் முடிப்பதற்குள்ளேயே வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து பானெட்டைத் தூக்கி, பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தேன். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பழைய டெர்மினல்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மனைவியை வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, ஊற்றித் தேய்த்தேன். பிடித்திருந்த பட்டையைக் கழற்றிப் பழைய பேட்டரியை வெளியே தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. 

அவள் சொம்போடு அங்கேயே நின்றாள்.

“இது எத்தன வருஷம் வரும்ங்க?”

“மூணு வருஷம் கண்ண மூடிக்கிட்டு ஓடும்.”

“மூணு வருஷமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுக்குப் பெருமை என்று நினைத்தேன்.

டெர்மினல்களில் வாசலின் தடவி, இறுக்கி, சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே உறுமியது. உடனே மகனுக்குப் போன் போட்டு, விற்பதற்கு வேறு ஏதாவது இருந்தால் பார்த்துக்கொள் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஜிஎஸ்டி ரோட்டில் ஓட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய், வண்டியை அவள் வாசலிலேயே நிறுத்தி, வேண்டுமென்றே இரண்டு தடவை ஹாரன் அடித்தேன்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை மறுபடியும் டிக் டிக்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பேட்டரியைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போய், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கிழவன் என்று பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாயா என்று கேட்டேன். கடைக்காரர் பேட்டரியை வாங்கி மேஜைமேல் வைத்தார். சார்ஜ் போட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

“பேட்டரி நல்லா கீது சார். வண்டில எதுவோ கரண்ட்ட இழுத்துகினு கீது. நைட்டு நெகட்டிவ கழட்டி வுட்டுட்டு, காலைல மாட்டிப் பாருங்க.”

எனக்கே பாடம். ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எரிச்சல். என்னைப் போன்ற பேட்டரிக்காரன் கண்ணுக்கு எல்லாமே பேட்டரிக் கோளாறாகத்தான் தெரியும். வண்டிக்குள் வேறு எதையும் நான் பார்க்கவே இல்லை. அன்று சாயங்காலம் பேட்டரியைத் திரும்ப மாட்டி, ஓட்டிப் பார்த்து, நெகட்டிவை மட்டும் கழற்றிவிட்டேன். யாரிடமும் பேசும் மனநிலையில் இல்லாததால் மனைவியிடமும் இதைச் சொல்லவில்லை.

காலையில் நெகட்டிவைத் திரும்ப வைத்ததும் படீரென்று ஒரு பொறி. எல்லாம் அணைந்திருக்கும் வண்டியில் அவ்வளவு பொறி வரக் கூடாது. நிமிர்ந்து, பக்கவாட்டில் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே, கூரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்கின் சுவிட்சை நான் தொட்டுப் பல மாதங்கள் இருக்கும். வண்டியை நான்தான் பூட்டினேன். சாவி ஃப்ரிட்ஜ் பக்கத்து ஆணியில்தான் தொங்கியது. வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

மனைவி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வண்டில லைட்ட யாரு போட்டது?”

அவள் மறைக்கவில்லை. “நேத்து எரியவே இல்லீங்க. எரியாம எந்தப் பக்கம் தள்ளினா அணையும்னு தெரியல. அப்படியே வந்துட்டேன்.”

நான் தூங்கியதும் போய் விளக்கைப் போடுவாளாம். பால் பாக்கெட் எடுக்கப் போகும்போது அணைத்துவிடுவாளாம். வாரக்கணக்கில் இதே வேலை. பழைய பேட்டரியை அப்படித்தான் தீர்த்திருக்கிறாள், புதியதையும் அப்படித்தான். பத்து நிமிஷம் நான் என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கூடவே இருந்து குழி பறித்தாய் என்றேன். பிள்ளைகளோடு சேர்ந்து நாடகமாடினாய் என்றேன். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொன்னாள். பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. நான் மூச்சு வாங்கியபோதுதான் பேசினாள்.

“மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய்ட்டு வந்தோமே, பிரதோஷத்தன்னிக்கு. ஒரு பொண்ணு சைக்கிள்ல வந்துது. நீங்க அது மேலயே போனீங்க. நான் ஸ்டியரிங்கப் புடிச்சு இழுத்தேன். அது மண்ணுல விழுந்துது. எழுந்து நின்னு நம்மளையே பாத்துது. நீங்க நிக்கவே இல்ல.”

அன்று அவள் ஸ்டியரிங்கை இழுத்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஓட்டுகிறவன் கையில் பாய்கிறாயே, பைத்தியமா என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்ததும் நினைவிருந்தது. கோயிலில் வாங்கிய சுண்டல் தொன்னை அவள் மடியில் கவிழ்ந்ததுகூட நினைவிருந்தது. சைக்கிள் இல்லை. அந்தப் பெண் இல்லை. எவ்வளவு தேடியும் அந்த ரோட்டில் யாருமே இல்லை.

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“மூணு தடவ சொன்னேன். சைக்கிளும் இல்ல ஒண்ணும் இல்ல, வாய மூடுன்னீங்க.”

எனக்கு அப்போதும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இடது பக்க ஓரமாக வந்திருப்பாள், உன் தலை மறைத்திருக்கும், அந்தப் பக்கத்தை நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வாதாடினேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“என் பக்கம் இல்லீங்க. உங்க பக்கம். கைய நீட்டினா தொட்டிருக்கலாம்.”

வெளியே போய் விளக்கை அணைத்தேன். வண்டிக்குள் உட்கார்ந்து வலது பக்கக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காம்பவுண்டுச் சுவர் தெரிந்தது. செம்பருத்தி தெரிந்தது. எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது.

பிறகு மகளுக்குப் போன் செய்து, வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். “என்னப்பா, மறுபடியும் நின்னுடுச்சா?” என்று கேட்டாள். இல்லை, புது பேட்டரி, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றேன்.