குப்பை வண்டிக்குக் காத்திருந்த லாய் அண்ணன்

தைவானின் தைனான் நகரில் எங்கள் சந்துக்கு மாலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பாட்டுக் கேட்டதும் பையோடு ஓடிப்போய் நாமேதான் வீச வேண்டும். ஊர்வம்பு பேசுவதும் அங்கேதான். அதில் முதல் ஆள் லாய் ஷுய்மு அண்ணன். டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் தனியாக இருந்தாலும் வாய் ஓயாத மனிதர்.

அப்பேர்ப்பட்டவர் மாறிப்போனார். சில நாள் வண்டிக்கு வரவே மாட்டார்; மற்ற நாள் வெயில் தாழும் முன்பே பையோடு தெருமுனையில் நின்று, வண்டி வருகிறதா என்று வெறித்துப் பார்ப்பார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. சதுரங்கம் ஆட வருவதையும் நிறுத்திவிட்டார். தைபேயில் இருக்கும் அவர் மகள் பெய்யினுக்குப் போன் போட்டேன்.

வந்தவள் சமையலறையைப் பார்த்து அழுதுவிட்டாள். வண்டியைத் தவறவிட்ட நாட்களின் பைகளெல்லாம் அங்கே குவிந்து கிடந்தன.

"அத்தை, அப்பாவுக்குப் புத்தி தடுமாறுது. முதியோர் இல்லத்துல இடம் சொல்லி வச்சிட்டேன்."

"ஏண்டி, டாக்டர்கிட்ட காட்டாம நீயே முடிவு கட்டிட்டியா? கிளம்பு, நானும் வர்றேன்."

டாக்டர் கிழமை கேட்டார். அண்ணன் சிரித்தபடி, "ஆமாங்க, ஆமாங்க" என்றார். பெய்யின் முகம் செத்துப்போயிற்று. டாக்டர் அதே கேள்வியைத் தாளில் எழுதி நீட்டினார். அண்ணன் கண்ணாடியை மாட்டினார்.

"வெள்ளிக்கிழமை. இதைக் கேக்கவா வரச் சொன்னீங்க? எங்களைக் கூட்டிட்டு வந்த டாக்ஸிக்காரன் சுத்து வழியில வந்தான், அதையும் எழுதிக்குங்க."

"புத்தி தெளிவா இருக்கு. காதுதாம்மா கேக்கலை" என்று டாக்டர் சிரித்தார்.

காதுக் கருவி மாட்டியதும் அண்ணன் மகளைப் பார்த்து, "எல்லாரும் எங்கூட பேசறதை விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். வண்டியின் பாட்டு காதில் விழாமல்தான் அவர் தெருமுனையில் கண்ணை வைத்துக் காத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இருந்தும் பெய்யின் இல்லத்து இடத்தை விடவில்லை. தனியாக விட அவளுக்குப் பயம். அன்று மாலை பாட்டுக் கேட்டதும் அண்ணன் துள்ளி எழுந்து வெறுங்கையோடு ஓடினார்.

"பாத்தீங்களா அத்தை, பையை மறந்துட்டார்!" என்றவள் வாசலிலிருந்து, "அப்பா" என்றாள். மெதுவாகத்தான் கூப்பிட்டாள்.

தெருமுனைக்குப் போய்விட்டவர் சட்டென்று திரும்பினார். "பையை நீ எடுத்துட்டு வாம்மா! நான் கேக்க வேண்டிய வம்பு எத்தனை மாசத்துது பாக்கி இருக்கு!"

பெய்யின் இரண்டு கையிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு, அழுதபடியும் சிரித்தபடியும் ஓடினாள். மறுநாள் காலை முதல் வேலையாக இல்லத்துக்குப் போன் போட்டு இடம் வேண்டாமென்றாள்.