சுந்தரி கடையில் நாற்பத்தேழு இலை

சுந்தரபாண்டியபுரத்தில் ஐந்து ஆண்பிள்ளைகளுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாகப் பிறந்தவள் சண்முகசுந்தரி. பதினேழு வயதில் அவளைத் தென்காசியில், துல்கர்னைன் என்பவரின் மரக்கடையில் வேலை பார்த்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒன்பது வருஷம் நல்ல வாழ்க்கை. 1945இல் ஒரு விஷக்காய்ச்சலில் கணவர் போய்ச் சேர்ந்தார். ஏழு வயது மகள் பேராச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு சுந்தரி பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள்.

மூத்த அண்ணன் தளவாய் கெட்டவர் இல்லை. "சோத்துக்கும் துணிக்கும் ஒனக்குக் குறை வராது. வீட்டுக்குள்ள இருந்துக்கோ" என்றார். குறை வரவும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் இருப்பது என்றால் அடுப்படியில் இருப்பது என்று அர்த்தம். வாசலில் ஆள் அரவம் கேட்டால் பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். இரண்டு வருஷம் அப்படி இருந்தாள். பேராச்சியை மேலே படிக்க அனுப்பலாமா என்று ஒருநாள் கேட்டபோது, தளவாய் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தபடியே, "எதுக்கு?" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் கிளப்பிவிட்டது.

துல்கர்னைனுக்குக் குற்றாலத்தில் இரண்டு அறையுள்ள ஓட்டுக் கட்டடம் ஒன்று சும்மா கிடந்தது. "சீசனுக்கு வாரவங்களுக்கு அங்கன வாய்க்கு ருசியா சோறு இல்ல தங்கச்சி. ஒங்க வீட்டுக்காரர் கொண்டுவந்த தூக்குச்சட்டியில நானும் சாப்பிட்டிருக்கேன். தைரியமாப் போடுங்க கடையை" என்றார் அவர்.

விஷயம் தெரிந்ததும் தளவாய் வீட்டு முற்றத்தில் நின்று சொன்னார்: "கிளப்புக்கடை போட்டுக் கண்டவனுக்கும் சோறு போடப் போறியா? போனா போனதுதான். அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன். இந்த வீட்டு ஆளுக யாரும் அங்கன கை நனைக்கவும் கூடாது."

சுந்தரி அன்று ராத்திரியே துணிமணிகளை மூட்டை கட்டினாள். மறுநாள் மாட்டுவண்டியில் ஒரு ஆட்டுரலையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் வருஷம் கஷ்டம்தான். ஒரு பெண்பிள்ளை தனியாகக் கடை நடத்துகிறாள் என்றால் வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் இட்லி வைத்தாள். சாப்பிட்ட பிறகு அவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். சாரல் முடிந்து ஊரே வெறிச்சோடிக் கிடக்கும் மாதங்களிலும் அவள் அடுப்பு அணையவில்லை. செங்கோட்டையிலிருந்து மரம் ஏற்றி வரும் லாரிக்காரர்கள், கோயிலுக்கு வருகிறவர்கள், வைத்தியத்துக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருகிறவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். பேராச்சி பத்தாவது வரை படித்துத் தேறினாள். பதினோரு வருஷத்தில் பிறந்த வீட்டில் மூன்று கல்யாணம் நடந்தது. ஒன்றுக்கும் சுந்தரிக்கு அழைப்பு வரவில்லை.

1958ஆம் வருஷம் கோடை விடுமுறை முடியப் போகும் நேரம். பூனாவில் பட்டாளத்தில் இருந்த தம்பிக்கு லீவு கிடைத்தது. மதுரையில் போலீஸில் இருந்த கடைசித் தம்பி உச்சிமாகாளியும் வந்து சேர்ந்தான். அண்ணன் தம்பிகள் ஐந்து பேரும் ஒன்றாகக் கூடி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதற்கு முன் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெண்டு பிள்ளைகளோடு குற்றாலத்தில் தங்குவது என்று முடிவாயிற்று. பெரியவர்கள் இருபத்தாறு, பிள்ளைகள் இருபத்தொன்று, ஆக நாற்பத்தேழு பேர். சுந்தரி கடைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்து இறங்கியதைப் பேராச்சிதான் முதலில் பார்த்தாள்.

"அம்மா, பெரிய மாமா வந்திருக்காவ. எல்லாரும் வந்திருக்காவ. ஒரு படையே வந்திருக்கு."

சுந்தரி ஆட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. "வந்தா வரட்டும். அருவி எல்லாருக்கும் பொதுதானே" என்றாள். ஆனால் அன்று சாயங்காலம் வரை அவள் ரோட்டுப் பக்கம் நாலைந்து தடவை வந்து நின்றதைப் பேராச்சி கவனித்தாள்.

அருவியில் அப்போது தண்ணீர் நூல் மாதிரிதான் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள். நாலு மணிக்கு மலைமேல் கறுத்தது. காற்று அடித்தது. சாரல் வழக்கத்துக்கு முந்திக்கொண்டு, அதுவும் சாரலாக இல்லாமல் கொட்டும் மழையாக இறங்கியது. விளக்கு வைக்கும் நேரத்தில் பேரருவியின் இரைச்சல் பங்களாவுக்குள் பேசுகிற பேச்சை மூழ்கடித்தது.

வினை அங்கேதான் வந்தது. அரிசி பருப்பு, பாத்திரம், சமையல்காரர் எல்லாம் ஊரிலிருந்து லாரியில் பின்னால் வருவதாக ஏற்பாடு. வழியில் தரைப்பாலம் முங்கிவிட்டது. தென்காசி ரோட்டில் மரம் சாய்ந்து பஸ்ஸும் நின்றுபோயிற்று. சீசன் கடைகள் இன்னும் பந்தலே போடவில்லை. கட்டிக்கொண்டு வந்த புளியோதரை மத்தியானத்தோடு தீர்ந்திருந்தது. முறுக்கையும் சீடையையும் வைத்து அன்றையப் பொழுதை ஒப்பேற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தன. கொட்டும் மழையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உச்சிமாகாளி சுந்தரி கடைக்கு வந்தான். கையில் இரண்டு பெரிய தூக்குச்சட்டி. வாசலில் நின்றான். நடக்கப் பழகும்வரை அவளுடைய இடுப்பிலேயே வளர்ந்தவன் அவன்.

"அக்கா" என்றான்.

"நனையாத. உள்ள வா. மீசையெல்லாம் வச்சுட்டியே" என்றாள் சுந்தரி.

அவன் விஷயத்தைச் சொன்னான். "இதுல எதையாச்சும் போட்டுக் குடுத்தா நான் கொண்டு போயிருதேன். அண்ணாச்சிக்கு எங்கன வாங்குனதுன்னு சொல்ல வேண்டாம்."

சுந்தரி அந்தச் சட்டிகளை வாங்கி ஓரமாக வைத்தாள். "திருட்டுத்தனமா சோறு போடுத கடை இல்ல இது. பிள்ளைகளை இப்பமே கூட்டிட்டு வா, இட்லி கொப்பரை அடுப்புலதான் இருக்கு. மத்தியானத்துக்கு எல்லாரும் வாங்க. எலை போடுதேன், உக்காந்து சாப்பிடுங்க."

"அண்ணாச்சி வர மாட்டாவளே."

"வாரதும் வராததும் அவுக இஷ்டம். நாப்பத்தேழு எலை நறுக்கி வைப்பேன்."

அரை மணி நேரத்தில் இருபத்தொரு பிள்ளைகளும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பாதிப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு அத்தை இருப்பதே தெரியாது. பேராச்சி ஈடு ஈடாக இட்லி எடுத்துப் போட்டாள். கடைசிப் பிள்ளை சாப்பிட்டு முடித்ததும் சுந்தரி அடுக்களைக்குள் போய்ப் பார்த்தாள். இருந்த அரிசி இருபது பேருக்குக் காணாது. பேராச்சி குடையோடு ஓடினாள். நல்லவேளையாகத் துல்கர்னைன் பக்கத்தில் மரம் பார்க்க வந்து மழையில் மாட்டிக்கொண்டிருந்தார். எங்கே பிடித்தாரோ, ஒரு மூட்டை அரிசியை இரண்டு ஆட்கள் தலையில் ஏற்றி, மேலே தார்ப்பாயைப் போர்த்தித் தானும் கூடவே வந்தார்.

"எதுக்கு அத்தா, நீங்க நனையணுமா?" என்றாள் பேராச்சி.

"ஒங்கம்மாவுக்கு இன்னைக்குப் பெரிய நாளும்மா. நான் பாக்க வேண்டாமா?"

சுந்தரி கூட்டாஞ்சோறு வைக்கத் தீர்மானித்தாள். அரிசியும் பருப்பும் போட்டுக் கொல்லையில் இருந்த முருங்கைக்கீரை, கத்தரிக்காய், மாங்காய், வாழைக்காய் எல்லாவற்றையும் நறுக்கிப் போட்டுத் தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டு, மூன்று பெரிய அண்டாக்களில் ஒரே நேரத்தில் கிண்டினாள். வடகம் தாளித்த வாசனை மழையையும் மீறிப் பங்களாவரை போயிற்று என்று பின்னாளில் எல்லோரும் சொன்னார்கள்.

பங்களாவில் தளவாய் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருக்காமல் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்போது அவர் மனைவி வடிவம்மாள், முப்பது வருஷத்தில் அவர் முன்னால் நின்று ஒரு எதிர்ச்சொல் சொல்லாதவள், குடையை எடுத்தாள்.

"எங்க போற?"

"சாப்பிடப் போறேன். என் நாத்தனா எலை போட்டு வச்சிருக்கா. பதினோரு வருசமா அவளைப் பாக்காம இருந்ததே எனக்குப் போதும்."

அவள் படி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள். தளவாய் மட்டும் இருந்தார்.

கடையில் ஒரு பந்திக்கு இருபத்தைந்து பேர்தான் உட்கார முடியும். முதல் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் தண்ணீர் சொட்டச் சொட்டத் தளவாய் வந்து நின்றார். பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சுந்தரி கரண்டியோடு நிமிர்ந்தாள். "காலைக் கழுவிட்டு வாங்க அண்ணாச்சி. ஓரத்து எலை ஒங்களுக்குத்தான்."

அவர் வந்து உட்கார்ந்தார். முதல் கவளம் வாய்க்குப் போனதும் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். மூன்றாம் தடவை கேட்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்தபோது சுந்தரியே கொண்டுவந்து போட்டாள்.

அடுத்த பந்திக்கு ஆள் நின்றது. குடும்பத்துக்காரர்கள் போக, பாதை அடைபட்டுத் தவித்த லாரிக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். பேராச்சி ஒருத்தியாய் ஓடிக்கொண்டிருந்தாள். கை கழுவிவிட்டு வந்த தளவாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சோற்று வாளியைத் தூக்கினார்.

"குனிஞ்சு போடுங்க மாமா, சிந்துது" என்றாள் பேராச்சி.

"சரிம்மா" என்றார்.

செங்கோட்டை லாரிக்காரர் ஒருவர் இலையில் சோறு வாங்கிக்கொண்டே அவரை ஏறிட்டுப் பார்த்தார். "அண்ணாச்சியைப் புதுசாப் பாக்கேன். கடை ஒங்களுதா?"

தளவாய் வாளியைக் கீழே வைத்தார். எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "இல்ல. என் தங்கச்சி கடை. அவ தனியா நின்னு உண்டாக்குனது."

அடுக்களை வாசலில் நின்ற சுந்தரி அதைக் கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோறு ஆறுது அண்ணாச்சி, போடுங்க" என்றாள். வடிவம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் சேர்த்து அழுது தீர்த்தாள்.

மூன்று மணிக்கு மழை விட்டது. வெள்ளம் வடிந்து, குளிக்கலாம் என்று ஆள் வந்து சொன்னபோது பிள்ளைகள் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடின. போகிற வழியில் கடைக்குள் புகுந்து அத்தையின் கையைப் பிடித்து இழுத்தன.

"கடையை யாரு பாக்குததாம்?" என்றாள் சுந்தரி.

"நான் பாத்துக்கிடுதேன் தங்கச்சி" என்று துல்கர்னைன் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வைகாசியில் தளவாயே மாப்பிள்ளை பார்த்துப் பேராச்சிக்குக் கல்யாணம் முடித்து வைத்தார். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணைக் கேட்டுத்தான் நிச்சயம் செய்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடை விடுமுறைக் கடைசியிலும் அந்தக் குடும்பம் குற்றாலத்தில் கூடியது. 1966இல் எண்பது பேருக்கு மேல் வந்தார்கள். சுந்தரி அதற்குள் மாடி எடுத்திருந்தாள்.

ஆனால் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. பேரருவியின் அடியில் பெண்கள் வரிசையில், ஒரு பக்கம் வடிவம்மாள், மறுபக்கம் பேராச்சி, சுற்றிலும் குட்டிப் பெண்கள். தலையில் மொத்தென்று விழுந்த தண்ணீரில் மூச்சு முட்ட, கொண்டை அவிழ்ந்து முகத்தை மூட, முப்பத்தொன்பது வயது சண்முகசுந்தரி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த இரைச்சலிலும் அவள் சிரிப்பு தனியாகக் கேட்டது.