ஹேமலதா கேட்ட பத்துக் குடம்

ஹேமலதாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அந்தப் பத்துக் குடத்தில்தான் தொடங்குவேன். பாலிடெக்னிக் படிச்சது, பரிசு வாங்கினது எல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்.

திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்து அருப்புக்கோட்டைச் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிற பிள்ளை. நான் அங்கே நூல் காயப்போடுகிறவள். தொட்டிக்கு அடியில் விறகெரித்து, புகையில் கண் அவிந்தவர்கள் நாங்கள். இவள்தான் பாய்லர் ஆவியை வைத்துத் தண்ணீரைச் சுடவைக்க, உள்ளே குழாய் வைத்த உருளை ஒன்றை அளவு போட்டுச் செய்யவைத்தாள்.

"ஆவியும் தண்ணியும் கலக்காது அப்பத்தா. குழாய்க்குள்ள தண்ணி ஓடும். ஆவி வெளிய நின்னு சூட்டைக் குடுத்துட்டு, தானும் உப்பில்லாத தண்ணியாகிச் சொட்டிரும். நூறு குடம் தண்ணி சாயத்துக்குச் சூடேறுனா பத்துக் குடம் சொட்டணும்."

முதலாளி காளீஸ்வரன் அதைக் கேட்டுவிட்டார். "சொட்டட்டும், பாப்போம். கணக்கு நின்னா மத்தத் தொட்டிகளுக்கும் நீயே செய். நிக்கலைன்னா பழையபடி விறகுதான்."

மறுபடியும் அந்தப் புகையா?

நூறு குடம் சூடேறியதும், சொட்டுத் தண்ணீரைப் பிடித்து நூல் நிறுக்கிற தராசில் வைத்தார்கள். எட்டுக் குடம்தான்.

"என்னம்மா, ரெண்டு குறையுது?"

"கூடுனா சூடு வீணாப் போச்சுன்னு ஒத்துக்கிடுவேன் மொதலாளி. குறையாது. எட்டுக் குடத்து ஆவியில அம்புட்டுச் சூடு கிடையாது. தண்ணி களவு போகுது."

"கணக்கு தப்புனா களவா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஹேமலதா குழாயைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். எங்கள் தலைகளைப் பார்த்தாள். உப்புத் தண்ணீரில் குளித்த எங்கள் முடியெல்லாம் தேங்காய் நார். எங்களில் பெத்தம்மாள் கொண்டை மட்டும் பட்டாக மின்னியது.

"பெத்தம்மாக்கா, எந்தத் தண்ணியில தலைக்கு ஊத்துறீக?"

பெத்தம்மாள் முந்தானையை இழுத்துத் தலையை மூடினாள். "செவுத்துக்கு அங்கிட்டுக் குழாய் மூட்டுல வழியுது தாயி. சோப்பு என்னமா நுரைக்குது தெரியுமா?"

சுவருக்குப் பின்னால் அவள் வைத்த ரெண்டு குடமும் நிறைந்து நின்றன. தராசில் ஏற்றினார்கள். பத்து!

முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு, "அடுத்த உருளைக்கு அளவு சொல்லும்மா" என்றார்.

"இந்தத் தண்ணி பாய்லருக்கே திரும்பணும். ஒரு குடம் மட்டும் இவுக தலைக்கு. அதையும் கணக்குல சேத்துட்டேன். குடிச்சிராதீக, பாய்லர் மருந்து கலந்தது."

இப்போது எந்தத் தொட்டிக்கு அடியிலும் புகை இல்லை. இந்த வயசில் என் கொண்டையும் மின்னுகிறது.