சாப்பாட்டுப் பையில் போன டிஸ்க்

போன மாதம் பசுமலையில் ஒரு கல்லூரி விழாவில் எங்கள் பழைய முதலாளி பேசியதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. கேம் உருவாக்கப் படிக்கும் பிள்ளைகள் தங்கள் வேலையை எப்படிப் பத்திரப்படுத்த வேண்டும் என்று மேடையில் வகுப்பெடுத்தார். "எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணோட கவனக்குறைவால மொத்த கேமும் போச்சு" என்றார். அந்தப் பெண் யாரென்று அந்த அரங்கில் அவரைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பெண்தான் எங்கள் டீம் லீட். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மதுரைத் தெருக்களில் மினிபஸ் ஓட்டும் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வரும் சாலை முழுக்க அக்கா கட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்ப் படிக்கட்டையும் இளநீர் வண்டியையும் போனில் படம் பிடித்து வந்து, கல் கல்லாகச் செய்தார். விளையாட்டுக்கெல்லாம் ஒரு சம்பளமா என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் காட்ட அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

முதலாளியை நாங்கள் 'அண்ணே' என்றுதான் கூப்பிட வேண்டும். "இது ஆபீஸ் இல்லப்பா, குடும்பம்" என்பார். அந்தக் குடும்பத்தில் ஒருவரையும் நம்ப மாட்டார். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு நல்ல டிஸ்க் போட்டுக்கொடுங்கள், அதில் வேலை செய்கிறோம், வயரில் மாட்டும் வெளி டிஸ்க்கை நகல் எடுக்க மட்டும் வைத்துக்கொள்வோம் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். கேம் வேலையில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் ஓயாமல் திறந்து மூடும். வயர் லேசாக அசைந்தாலும் வெளி டிஸ்க் அறுந்துகொள்ளும், திறந்திருந்த ஃபைல் கெட்டுப்போகும். அண்ணனுக்கு இது தெரியாததல்ல. "உள்ள இருந்தா ஆளாளுக்குக் காப்பி எடுத்துட்டுப் போயிருவீங்க. வெளிய இருந்தா சாயங்காலம் என் பைக்குள்ள வந்துரும்ல" என்பார். எல்லோருடைய வேலையும் அந்த ஒரே வெளி டிஸ்க்கில்தான். சாயங்காலமானால் அதைக் கழற்றி, சாப்பாட்டுப் பையில் டிபன் கேரியருக்குப் பக்கத்தில் சொருகி வீட்டுக்குக் கொண்டுபோவார். எங்களை நம்பாதவருக்கு மிச்சமிருந்த ரசத்தின் மேல் அத்தனை நம்பிக்கை.

ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டர்களுக்கு வெளியே பொட்டு வைத்தாயிற்று. அண்ணனுக்கு அது போதவில்லை. "சோறு போடுறது இதுதானப்பா" என்று டிஸ்க்கைத் தாம்பாளத்தில் வைத்து, குழைத்த சந்தனத்தை அள்ளி அப்பினார். "அண்ணே, ஒரு காப்பி மட்டும் எடுத்துக்கிறேண்ணே" என்று அக்கா கெஞ்சினார். "சாமிகிட்ட வச்சதயும் நம்ப மாட்டியா?" என்று அண்ணன் வாயை அடைத்தார். சூடம் காட்டியதும், நல்ல நேரம் முடிவதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்று, டிஸ்க்கின் ஓட்டைக்குள் போன சந்தனம் காயும் முன்பே அவரே வயரைச் சொருகினார். கருகல் வாடை வந்தது. அதோடு சரி. டிஸ்க்கில் இருந்ததை மீட்க நாங்கள் ஏறி இறங்காத கடை இல்லை, ஒன்றும் தேறவில்லை.

கேமை வாங்குவதாக இருந்த கம்பெனியிடம் பெண் ஊழியரின் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டு, அக்காவை வேலையை விட்டு அனுப்பினார். தன் கையால் செய்ததை இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டு, இத்தனை வருஷம் கழித்து அதையே பாடமாக நடத்திச் சால்வையும் வாங்கிக்கொள்ள ஒரு மனுஷனுக்குக் கூச்சம் இருக்காதா? என்னால் உட்கார முடியவில்லை. கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கி எழுந்து, "அண்ணே, சந்தனம் பூசுனது யாருண்ணே?" என்று கேட்டேன். அடுத்த கேள்வி என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். நான் கொதிப்பதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"எம்புட்டுக் கேட்டாலும் அவரு மாற மாட்டாரு தம்பி" என்றார். "நான் நெனச்சு நெனச்சுப் பாக்குறது வேற. அவரு சந்தேகப்பட்ட மாதிரி நான் களவாண்டிருந்தேன்னா, நம்ம கேம் இன்னைக்கு இருந்திருக்கும்."