பெரியம்மாவின் வெறுங்கால் நேர்த்தி

கொட்டாஞ்சேனையில் பெரியம்மாவின் பிளாட் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு சோடி சிவப்புச் செருப்பு. குதி உயர்ந்தது. வார் வெடித்து, நிறம் வெளிறி, இனி யாரும் போட முடியாத நிலை. ஆனாலும் அதை எறிய அவர் விடுவதில்லை. அம்மாவின் அக்காவான பெரியம்மா ஆள் கட்டை. அதை ஒத்துக்கொள்ள மனமில்லாததால் உயரமான செருப்புகளாகவே வாங்கிக் குவித்தவர். கோட்டையிலிருந்த வங்கிக்கு வேலைக்குப் போக அவர் டக் டக்கென்று படியிறங்கும்போது கீழ்வீட்டு நாய் தினமும் குரைக்கும். அப்படிப்பட்டவர் ஒரு காலத்தில் சில மாதங்கள் கொழும்பு முழுக்க வெறுங்காலில் திரிந்தார். காரணம் நான்.

எனக்கு எட்டு வயதில் கொப்புளிப்பான் வந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. 'அம்மாள் வந்திருக்கிறா' என்றுதான் சொல்ல வேண்டும். வாசலில் வேப்பிலை, படுக்கையில் வேப்பிலை, சமையலில் தாளிப்பு இல்லை. டொக்டரிடம் போவது அம்மாளை அவமதிப்பது. காய்ச்சல் விட்டு, கொப்புளங்கள் காயத் தொடங்கி, நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் வார்க்கலாம் என்று அம்மா சொன்ன அன்று திரும்பவும் காய்ச்சல் அடித்தது. இடது முழங்காலுக்குக் கீழே நான் சொறிந்து புண்ணாக்கிய ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வலியோ, போர்வை பட்டாலே அலறினேன். தண்ணீர் வார்க்கும்வரை பொறுப்போம் என்றார் அம்மா. வேலை முடிந்து எட்டிப் பார்த்த பெரியம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மாள் ஒருக்காத்தான் வருவா. போனவ திரும்பி வந்து பிள்ளையின்ர காலைப் பிடிச்சு முறுக்க மாட்டா. இது வேற ஆரோ. ஓட்டோவைப் பிடி" என்றார்.

அது யாரென்று பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரியில் டொக்டர்கள் சொன்னார்கள்: ஸ்ட்ரெப்டோகொக்கஸ். பெரும்பாலும் தொண்டை நோவைத் தந்துவிட்டுப் போகிற கிருமி, சொறிந்த புண் வழியாக இறங்கி இரத்தத்திலும் காலின் சதையிலும் பரவியிருந்தது. உடனே சத்திரசிகிச்சை. பழுதான சதையை வெட்டி எடுத்தார்கள். மருந்து ஊசி வழியாக ஏறிக்கொண்டே இருந்தது. முதலில் உயிரைப் பார்ப்போம், பிறகு காலைப் பார்ப்போம் என்று டொக்டர் சொன்னாராம். பெரியம்மா நேரே கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்துக்குப் போனார். நாங்கள் சைவம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றாத சைவ வீடு கொட்டாஞ்சேனையில் எங்கே இருக்கிறது? பிள்ளை தன் காலால் நடந்து உன் வாசலுக்கு வரும்வரை நான் செருப்புப் போட மாட்டேன் என்று நேர்ந்துவிட்டு, அந்தச் சிவப்புச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பினார். "தலைமயிரை நேர்ந்திருக்கலாமே அக்கா" என்றார் அம்மா. "மயிர் ஆருக்கு வேணும்? எனக்கு விருப்பமானதைக் குடுத்தாத்தானே அவர் திரும்பிப் பார்ப்பார்."

உயிர் தப்பியது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிய காலும் தப்பியது. ஆனால் நான் நடக்க மறுத்தேன். குதியை நிலத்தில் வைத்தால் தழும்பு இழுத்து வலிக்கும். பயிற்சி தர வந்த மிஸ் கெஞ்சினார், அம்மா சொக்லட் காட்டினார்; நான் கதிரையை விட்டு அசையவில்லை. பெரியம்மா மட்டும் ஒரு நாளும் நட என்று சொன்னதில்லை. பின்னேரம் வந்ததும் கால்களை நீட்டி, அன்று எதையெல்லாம் மிதித்தார் என்று செய்தி வாசிப்பார். சந்தையடியில் இறால் கோது, பஸ்ஸில் யாரோ ஒருவரின் சப்பாத்துக் குதி, கோட்டையில் உருகிய தார். வங்கி மனேஜர் அவர் கால்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாராம். "பாரயக், சேர்" என்று பெரியம்மா சிங்களத்தில் சொன்னார், நேர்த்தி என்று. மனுசன் மறுபேச்சில்லாமல் பெரியம்மாவின் மேசைக்கடியில் ஒரு கார்ப்பெட் துண்டு போடச் சொல்லிவிட்டார். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். சிரித்துவிட்டுக் கதிரையிலேயே இருப்பேன்.

ஒரு நாள் அவர் நொண்டிக்கொண்டு வந்தார். போத்தல் துண்டு குத்திக் குதியில் இரத்தம். "சின்னக் கீறல் பிள்ளை, விடு" என்று சேலைத் தலைப்பால் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னக் கீறல் என்ன செய்யும் என்று அந்த வீட்டில் என்னைவிட யாருக்குத் தெரியும்? "பெரியம்மா, கிருமி!" என்று கத்தியபடி எழும்பி, அலுமாரிக்குப் போய், ஸ்பிரிட் போத்தலையும் பஞ்சையும் எடுத்து வந்து அவர் காலடியில் குந்தினேன். நான் நடந்தது எனக்கே தெரியாது. ஸ்பிரிட் பட்டதும் "ஐயோ அந்தோனியாரே!" என்று அலறிய பெரியம்மா, அப்படியே என்னைக் கட்டிப் பிடித்து அழத் தொடங்கினார். குசினி வாசலில் அகப்பையோடு நின்ற அம்மாவும் அழுதார். பிறகொரு செவ்வாய்க்கிழமை மூவரும் கொச்சிக்கடைக்கு நடந்தோம். வழியில் பல இடங்களில் குந்தி இளைப்பாறித்தான் போனேன். கோயில் வாசலில் பெரியம்மா கைப்பையிலிருந்து சிவப்புச் செருப்பை எடுத்துப் போட்டார். வீடு வரும்வரை அந்த டக் டக் சத்தம் எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்தாலும் வேப்பிலையும் கட்டுகிறோம், டொக்டரிடமும் போகிறோம். விட்ட காய்ச்சல் திரும்பினால் உடனே ஆஸ்பத்திரி. பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அண்மையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து வீட்டுக்கு வந்தவர், கட்டிலை விட்டு எழும்ப மறுத்தார். நடக்காவிட்டால் படுக்கையாகவே போய்விடும் என்று டொக்டர் சொல்லியும் கேட்கவில்லை. "இனி நடந்து நான் எங்க போகப்போறன்?" அவர் வாயில் அந்தப் பேச்சைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கு நேர்த்திகளில் பெரிய நம்பிக்கையில்லை. ஆனாலும் போன செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போய் நேர்ந்துவிட்டு, கையில் தூக்கி வந்த செருப்பை அவர் வீட்டு வாசலில் வைத்து, தூசி படிந்த காலோடு கட்டிலருகே நின்றேன். பெரியம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

"உனக்கென்ன விசரோ? ரோட்டு முழுக்கக் கிருமி! ஒஃபிசில கேட்டா என்ன சொல்லுவாய்?"

"பாரயக்" என்றேன்.

அதிலிருந்து தினமும் வெள்ளவத்தையில் வேலை முடிந்ததும் வெறுங்காலோடு அங்கே போய், அன்று மிதித்தவற்றை வாசிக்கிறேன். நேற்று நான் பாதி வாசிக்கும்போதே கையை உயர்த்தினார். "காணும், நிப்பாட்டு. அந்த நடக்கிற கம்பியை இஞ்சால கொண்டா." அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக, திட்டிக்கொண்டே வாசல்வரை நடந்தார். அங்கே சிவப்புச் செருப்புக்குப் பக்கத்தில் என் செருப்பு கிடந்தது. மூச்சு வாங்க அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தத் தட்டைச் செருப்பையோ நேர்ந்தனி? அந்தோனியார் சிரிக்கப் போறார்."