செவ்வாயும் வியாழனும்

மெல்போர்னில் இருந்து வந்திருக்கும் என் அண்ணனோடு இன்று லண்டன் ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கப் போனேன்.

அவருடைய மகன் குகனைப் பதினேழு வயதிலேயே அங்குள்ள பெரிய காற்பந்து கிளப் ஒன்று தெரிவுசெய்திருந்தது. ஆஸ்திரேலியர்கள் கையாலும் ஆடுகிற காற்பந்து. இரண்டு மூன்று வருடம் உடம்பைத் தேற்றி, ரிசர்வ் அணியில் பழக்கி, பிறகுதான் முதல் அணியில் இறக்குவார்கள்.

எங்கள் ஊர்க்காரரான கடைக்காரர் அண்ணனிடம் கேட்டார்.

"மகன்ர விளையாட்டு எப்பிடிப் போகுது அண்ணை?"

"அது முடிஞ்சுது. போன மாதம் நிப்பாட்டிப்போட்டாங்கள்."

"ஐயோ, ஏன்?"

"செவ்வாயும் வியாழனும் டியூஷன், பயிற்சிக்கு விடேலாதெண்டு நான்தான் போய் கோச்சிட்டச் சொன்னனான். ஆர்வமில்லாத பெடியன் வேண்டாமாம்."

"தம்பி என்ன சொல்லுறார்?"

"என்னோட கதைக்கிறேல்லை. பரீட்சை முடிய எல்லாம் சரியாயிடும்."

சொல்லிவிட்டு முருங்கைக்காய் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்தில் என் பெயரைக் கல்லூரி கிரிக்கெட் அணியில் இருந்து வெட்டுவித்தவரும் இதே அண்ணன்தான். நான் பரீட்சையில் நன்றாகவே பாஸ் பண்ணினேன். இப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது.

குகனுக்கு இன்று ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். சரியாகிவிடும் என்று எழுதக் கை வரவில்லை. உங்களில் யாருக்காவது சரியாகியிருந்தால், எத்தனை வருடம் எடுத்தது என்று சொல்லுங்கள்.