நான் மூப்பராக இருந்த கோயில்

ஒக்ரோபர் நடுவில் ஒரு காலை, இந்த வருடத்தில் முதல் தடவையாக வீட்டு ஹீட்டரைத் திருகினேன். கோடை முழுக்க அதன்மேல் படிந்து கிடந்த தூசி சூடேறிக் கருகும்போது ஒரு மணம் வருமே, குளிர்நாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். மனைவி யன்னலைத் திறக்கச் சொன்னாள். நான் திறக்காமல் அந்த மணத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன, சாம்பிராணியே பிடிக்கிறியள்?" என்றாள்.

கிட்டத்தட்ட அதுதான். எனக்கு அது ஒரு கோயிலின் மணம். மொன்றியலின் கிழக்குப் பக்கம், துறைமுகத்துக்குக் கிட்ட, செங்கல்லால் கட்டிய ஒரு பெரிய பழைய கத்தோலிக்கக் கோயில். எண்ணூறு பேர் உட்காரலாம். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் ஞாயிறு காலைப் பிரெஞ்சுப் பூசைக்கு நாற்பது பேர் வந்தால் அது நல்ல ஞாயிறு. பின்னேரம் மூன்று மணிக்கு எங்களுடைய தமிழ்ப் பூசை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருந்து வந்து, பக்டரிகளிலும் உணவகங்களிலும் வேலை செய்துவிட்டு, ஞாயிறு மட்டும் சேலை கட்டி வேட்டி மடித்து வருகிற சனம், பிள்ளைகுட்டிகளோடு இருநூறு பேருக்குக் குறையாது.

காலைப் பூசை முடிந்ததும் கோயிலைச் சூடாக்குகிற பொயிலரை நிறுத்திவிடுவார்கள். மூன்று மணிக்கு நாங்கள் உள்ளே போகும்போது வாயிலிருந்து புகை வரும். பாட்டுக்காரர்களின் வாயிலிருந்து இன்னும் கூடுதலாக வரும். எங்கள் சுவாமியார் பூசை உடுப்புக்குள்ளே இரண்டு சுவெட்டர் போடுவார். அதனால் அவர் விண்டரில் கொழுத்தும் சம்மரில் மெலிந்தும் இருப்பவர் என்று என் மூத்த மகள் கனகாலம் நம்பிக்கொண்டிருந்தாள்.

தமிழ்ச் சபைக்கு அப்போது யோசப்பண்ணை தலைவர். வெல்டிங் வேலை. பேச்சும் அப்படித்தான், தொட்டால் ஒட்டிவிடும். ஒரு ஜனவரி ஞாயிறு என்னை வாசலில் மறித்தார்.

"உந்தப் பிரெஞ்சுக்காரங்கட பங்குச்சபையிலை எங்கட ஆள் ஒண்டு இருக்கவேணும். அடுத்த கிழமை தெரிவு நடக்குதாம். நீர் நில்லும்."

"நானோ அண்ணை? எனக்கு உதுகள் தெரியாது."

"ஒண்டும் தெரியத் தேவையில்லை. பின்னேரத்திலை ஹீட் போடச்சொல்லிக் கேட்டாச் சரி. உமக்குத்தான் பிரெஞ்சு வரும்."

என் பிரெஞ்சைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அதை நான் துறைமுகத்துக்கு அருகே இருந்த ஒரு களஞ்சியத்தில், பெட்டி அடுக்கிற ஆட்களிடம் கற்றுக்கொண்டேன். அவர்கள் மூன்று சொல்லுக்கு ஒரு தரம் திட்டுவார்கள். கியூபெக்கில் திட்டுவதற்குக் கோயில் சாமான்களின் பெயர்களைத்தான் எடுப்பார்கள். நற்கருணைப் பேழை, பூசைக் கிண்ணம், அப்பம் எல்லாமே இங்கே கெட்ட வார்த்தை. பங்குச்சபைக் கூட்டத்துக்கு நான் போன முதல் நாள், நரைத்த தலைகள் மேசையைச் சுற்றியிருந்து 'தபெர்நாக்கிள்' பேழையின் பூட்டு இறுகிவிட்டது, 'கலீஸ்' கிண்ணம் மங்கிவிட்டது என்று மிகுந்த பக்தியோடு கதைக்கத் தொடங்கினார்கள். நான் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

இங்கே ஒரு பங்கின் கட்டடமும் வரவுசெலவும் ஆறு பேர் கையில். மார்கியே என்பார்கள். எங்கள் ஊரில் கோயில் மூப்பர் என்போமே, அதுதான். பங்குச் சுவாமியும் மேசையில் இருப்பார், ஆனால் இந்த ஆறு பேரைக் கேட்காமல் ஒரு பல்ப்கூட மாற்றமாட்டார். ஊரில் மூப்பர் என்றால் திருவிழாவில் முன்னுக்கு நடக்கலாம். இங்கே மூப்பர் என்றால் சனி காலை ஏழு மணிக்குப் படிக்கட்டில் பனி அள்ளவேண்டும். தெரிவு நாளில் என்னை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. சொல்லப்போனால் இரண்டு இடம் காலி, நின்றது நான் ஒருவன்தான். பதினான்கு பேர் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஏகமனதாகத் தெரிவானேன் என்று சொன்னேன். பொய்யில்லைத்தானே.

பொருளாளர் கஸ்தோன் என்று ஒரு கிழவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு காது கேட்காது, மற்றக் காது அவருக்குப் பிடித்த கதை என்றால்தான் கேட்கும். தச்சர்கள் வைத்திருக்கும் தட்டைப் பென்சிலால் கணக்கெழுதுவார். அவருக்கு எங்களைப் பிடிக்கவில்லை. தமிழர்கள் மெழுகுதிரியைச் சிந்துகிறார்கள், கீழ் மண்டபத்தில் பொரிக்கிற மணம் திங்கள்வரைக்கும் நிற்கிறது என்று குறிப்பேட்டிலேயே எழுதி வைத்திருந்தார். நான் ஹீட் கேட்டதும் எழும்பி, பின்னால் வரச்சொல்லிக் கையைக் காட்டி, நிலவறைக்கு இறங்கினார்.

அங்கே ஒரு யானை படுத்திருக்கிற மாதிரி பொயிலர். பக்கத்தில் எண்ணெய்த் தாங்கி. தாங்கிக்குள் ஒரு நீளக் கம்பை விட்டு எடுத்து, நனைந்திருந்த இடத்தைக் காட்டினார். பிறகு அதற்குக் கீழே தன் தடித்த விரலைக் குறுக்காக வைத்தார்.

"உங்கள் ஒரு ஞாயிறு பின்னேரம்" என்றார். "இவ்வளவு."

ஒரு விரல். மிச்சக் கம்பில் எத்தனை விரல் இருக்கிறது, விண்டரில் எத்தனை ஞாயிறு இருக்கிறது என்று எனக்கே கணக்குப் போட முடிந்தது.

யோசப்பண்ணையிடம் வந்து சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஒரு விரல்தானே?" என்றார். "அந்த விரலை நாங்கள் வாங்கித் தருவம்." அடுத்த ஞாயிறே கீழ் மண்டபத்தில் மட்டன் றோல்ஸ் விற்பனை தொடங்கியது. எங்கள் ஆட்கள் வாங்கினார்கள். அது போதவில்லை. எனவே காலைப் பூசை முடிகிற நேரத்துக்கும் ஒரு தட்டைக் கொண்டுபோய் வைத்தோம். பிரெஞ்சுக் கிழவிகள் ஒன்றை வாங்கி நாலாக வெட்டி, சந்தேகத்தோடு தின்று, அடுத்த கிழமை ஆளுக்கு ஆறு கேட்டார்கள். கஸ்தோன் மூன்றாவது கிழமைதான் வந்தார். உறைப்பில்லாதது இருக்கிறதா என்று யோசப்பண்ணையிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"உறைப்பில்லாட்டி அது றோல்ஸ் இல்லையெண்டு சொல்லும்."

சொன்னேன். கஸ்தோன் ஒன்றைத் தின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓட நின்று தின்றார். பிறகு ஒரு டசின் கட்டச்சொன்னார்.

பெப்ரவரியில் ஒரு பின்னேரம் உள்ளே போனபோது குழாய்கள் டொக் டொக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. சூடு. பூசைக்கு நடுவில் பெண்கள் ஒவ்வொருவராகக் கோட்டைக் கழற்றினார்கள். உள்ளேயிருந்து பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாகச் சேலைகள் வெளியே வந்தன. எங்களிடம் இவ்வளவு நிறம் இருந்ததா என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்னால் கடைசி வாங்கு வரிசையில் கஸ்தோன் தொப்பியோடு வந்து நின்றார். அவருக்குத் தமிழ்ப் பூசையில் ஒரு அலுவலும் இல்லை. வெப்பமானியைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். முடியும்வரை நின்றார்.

அதற்குப்பிறகு நாலு வருடம் எனக்கு மாதங்கள் வேறு பெயரில் ஓடின. ஒக்ரோபர் என்றால் பொயிலர் மூட்டுவது. அந்த முதல் நாள் கோயில் முழுக்கத் தூசி கருகி மணக்க, நாங்கள் எல்லோரும் குழாய்களில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு திரிவோம். அது முடிய, மெஷினோடு வந்து வளவில் பனி அள்ளுகிறவனோடு பேரம். அவன் ஒவ்வொரு வருடமும் இது தன் கடைசி வருடம் என்பான். வசந்தத்தில் பங்கு மக்களுக்கு வருடக் காணிக்கைக் கடிதம். என் வீட்டுக் குசினி மேசையில் நானும் மனைவியும் எழுநூறு உறைகளை ஒட்டுவோம். கணிசமானவை திரும்பி வரும், மேலே 'இறந்துவிட்டார்' என்று எழுதி. கஸ்தோன் அவற்றை எறியமாட்டார். ஒவ்வொரு பெயரையும் வாசித்து, இன்னார் எந்த வீதியில் இருந்தார், மனைவி எப்படிச் சமைப்பாள் என்று சொல்லிவிட்டுத்தான் பட்டியலில் கோடு போடுவார். கூட்டம் அதனால் ஒன்றரை மணித்தியாலம் நீளும். ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கமாட்டோம்.

நாலாவது வருடம், பனி கரைகிற நேரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை கோபுரத்திலிருந்து செங்கல் ஒன்று முன்படிக்கட்டில் விழுந்தது. ஒருவருக்கும் படவில்லை. ஞாயிறு பின்னேரமாக இருந்திருந்தால்? அந்தப் படிக்கட்டில்தான் எங்கள் பிள்ளைகள் விளையாடுவார்கள். பொறியியலாளர் வந்து தட்டிப் பார்த்து ஒரு தடித்த அறிக்கை தந்தார். கோபுரத்துக்கு அவர் போட்ட தொகையைக் கஸ்தோன் இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். அடுத்த பக்கத்தில் கூரை. அதற்கடுத்த பக்கத்தில் பொயிலர்.

யோசப்பண்ணை அறிக்கையைப் பார்க்கவில்லை. அவர் சனத்தைப் பார்த்தார். பூசை முடிய மேடையேறி, "இந்தக் கோயிலை விட்டா எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். சனம் எழும்பியது. இரட்டை வேலை செய்கிறவர்கள் ஒரு மாதச் சம்பளம் என்றார்கள். ஒரு பெண் காப்பைக் கழற்றினாள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவியும் சங்கிலியை மேசையில் வைத்தாள். தாலிக்கொடி இல்லை, மற்றது. "அதைக் கேளாதையுங்கோ" என்றும் சொன்னாள்.

நான் அந்தச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இதெல்லாம் கோபுரத்தில் பாதிக்குத்தான் வரும். அது எனக்கு மட்டும் தெரியும். அடுத்த கிழமை தமிழ்ச் சபைக் கூட்டத்தில் எழும்பினேன்.

"அண்ணை, உது காணாது. திருப்பிக் குடுப்பம்."

"காணாட்டி இன்னும் சேர்ப்பம்."

"சேர்த்தாலும் கோபுரம் மட்டும்தான். பேந்து கூரை. பேந்து பொயிலர். சனம் பிள்ளையளின்ரை படிப்புக்கு வைச்சிருக்கிற காசு, அண்ணை."

யோசப்பண்ணை மெதுவாகத்தான் சொன்னார். "உம்மை நாங்கள் அங்க அனுப்பினது ஹீட் கேக்க. பூட்டுறதுக்கு இல்லை."

காப்பும் சம்பளமும் திரும்பிப் போயின. வாங்கிக்கொண்டவர்கள் எனக்கு நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்?

பங்குச்சபை வாக்கெடுப்பு யூன் மாதத்தில், பூசை உடுப்பு வைக்கிற அறையில் நடந்தது. யன்னல் வழியாக நல்ல வெயில். மூடி விற்பதற்குச் சம்மதமானவர்கள் கையை உயர்த்தும்படி பங்குச் சுவாமி கேட்டார். எனக்குக் கஸ்தோனைப் பற்றிச் சந்தேகமே இருக்கவில்லை. கணக்கு முழுக்க அவருடையது. மூன்று கை எழும்பியது. நாலாவது என்னுடையது. அது என்னுடைய கையாகவே எனக்குப் படவில்லை, யாரோ தூக்கிவிட்டது போல இருந்தது. கஸ்தோனின் இரண்டு கையும் மேசையில் கிடந்தன.

"கஸ்தோன்?" என்றார் சுவாமி, கேட்கவில்லையோ என்று இன்னும் பலமாக.

"கேட்டது" என்றார் அவர். "கணக்கு நான்தான் எழுதினேன், பிழை இல்லை. ஆனால் என்னால் தூக்க முடியாது."

வெளியே வரும்போது நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன். வாசலில் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். திட்டப்போகிறார், இந்த ஊர் முறைப்படி கோயில் சாமான் எல்லாவற்றையும் இழுத்துத் திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"இந்த ஞாயிறு றோல்ஸ் இருக்கும்தானே?" என்று கேட்டார்.

அந்தச் சம்மரோடு கதவைப் பூட்டினோம். நகரத்தின் வடக்கே வேறொரு கோயில் எங்களுக்கு இடம் கொடுத்தது. அங்கே நல்ல சூடு. யோசப்பண்ணை என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரம் நான் இருக்கிற பக்கம் திரும்பமாட்டார். வெள்ளைக்காரனோடு இருந்து வெள்ளைக்காரனாகிவிட்டேன் என்று யாரோ சொன்னது என் காதுக்கு வந்தது. கண்ணாடியில் பார்த்தேன், அப்படி ஒரு மாற்றமும் தெரியவில்லை. சிரிக்கத்தான் சொல்கிறேன். அந்த நேரம் சிரிக்கவில்லை. இரண்டு வருடம் ஞாயிறுகளில் வேண்டுமென்று ஓவர்டைம் கேட்டு வாங்கினேன்.

பிறகு ஒரு விண்டரில் கஸ்தோன் இறந்துபோனதாகத் தகவல் வந்தது. அவருடைய கோயில்தான் பூட்டியாயிற்றே, பக்கத்துப் பங்கில்தான் அடக்கப் பூசை. களஞ்சியத்தில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு போனேன். பத்துப் பேர் இருந்தோம். திரும்பிப் பார்த்தால் கடைசி வாங்கில் யோசப்பண்ணை, தொப்பியில் பனியோடு. முடிந்து வெளியே வந்ததும் நான்தான் கிட்டப் போனேன்.

"அந்தாள் கோயில் பூட்டினாப்பிறகும் கடைசிவரைக்கும் வாராவாரம் என்னட்டை ஒரு டசின் வாங்கினது" என்றார் அவர், நான் ஒன்றும் கேட்காமலே. "உறைக்குது உறைக்குதெண்டு சொல்லிச் சொல்லி வாங்கினது." பிறகு வீதியைப் பார்த்துக்கொண்டு, "வீட்டிலை எல்லாரும் சுகமே?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை" என்றேன். காரில் என்னை மெட்ரோவரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. பத்தொன்பது பேருக்கு வீடு, கீழே குழந்தைகளைப் பார்க்கிற ஒரு கார்டெரி. யோசப்பண்ணை மகளோடு ரொறன்ரோ போய்விட்டார். களஞ்சியத்தில் இன்றைக்கும் 'தபெர்நாக்' என்று திட்டுகிறார்கள். அது என்ன சாமான் என்று கேட்டால் ஒரு பெடியனுக்கும் தெரியாது. பங்கு பக்கத்துப் பங்கோடு சேர்க்கப்பட்டது, அந்தப் பங்கு பிறகு இன்னொன்றோடு; பழைய பதிவேடுகளும் கூடவே போயின.

போன மாதம் என் இளைய மகள் சிநேகிதியின் பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்பதற்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு எழுதினாள். வந்தது. பிரித்து வாசித்தவள் என்னிடம் கொண்டுவந்தாள். பங்கு, ஞானஸ்நானம் எல்லாம் அவளுக்குப் பிரெஞ்சில் பறுவாஸ், பதேம்தான்.

"அப்பா, இதிலை பிழை இருக்கு. நான் கேள்விப்படாத ஒரு பறுவாஸ் போட்டிருக்கினம். என்ரை பதேம் அங்க நடக்கேல்லைத்தானே?"

"இல்லைப் பிள்ளை. எங்கட பழைய கோயிலிலைதான்."

"அப்ப ஆரிட்டைச் சொல்லி மாத்திறது?"

நான் அந்தக் காகிதத்தை வாங்கி, திகதியைப் பார்த்து, பெயரைப் பார்த்து, சரியாக மடித்து அவளிடமே கொடுத்தேன்.

"மாத்தச் சொல்லுறதுக்கு அங்க இப்ப ஒருத்தரும் இல்லை" என்றேன்.